அப்பாவுக்குப் பதிலாகப் பேசுகிறவர்கள்

1

எங்கள் வார்டில் டானல் கிழவர் டேப்லெட் கணினியைச் சுவரில் அடித்த அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். கோபத்தில் எழுதினால் யார் மானத்தையாவது வாங்கிவிடுவேன் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டும் கோபம் குறையவில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன், அவரவர் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அயர்லாந்தில் ஒரு சின்ன ஊரில், பக்கவாதம் வந்தவர்களும் இடுப்பு ஒடிந்தவர்களும் தேறி வரும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன். நர்ஸ் இல்லை, நர்ஸுக்கு உதவியாள். நம்மூரில் எல்லோரும் நர்ஸ் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள், திருத்தித் திருத்தி வாய் வலித்துவிட்டது. குளிப்பாட்டுவது, நடக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் உண்டு. இதோடு இன்னொரு வேலையும் என் தலையில் விழுந்திருக்கிறது. நோயாளிகளின் பிள்ளைகள் எங்கெங்கோ இருந்து வீடியோ காலில் வருவார்கள். கை வராத நோயாளிக்கு முன்னால் டேப்பைப் பிடித்துக்கொண்டு நான் நிற்க வேண்டும்.

டானலின் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். பாசமான பெண்தான். ஆனால் கேள்வியையும் அவளே கேட்பாள், பதிலையும் அவளே சொல்வாள். "தூங்கினீங்களா அப்பா? தூங்கியிருப்பீங்க. நாயை நினைச்சுக்கிட்டே இருக்கீங்க, இல்ல? ஆமா, எனக்குத் தெரியும்." கிழவருக்குப் புரிதல் எல்லாம் சரியாக இருக்கிறது. சொல்தான் தொண்டையில் நிற்கிறது. அன்று உதட்டைக் கூட்டி ஏதோ ஒரு சொல்லைப் பாதி வரை கொண்டுவந்துவிட்டார். அதற்குள் அவள் "காலைச் சாப்பாடா? சாப்பிட்டாச்சே!" என்றாள். அவ்வளவுதான். விளங்குகிற இடது கையால் என் கையிலிருந்த டேப்பைப் பிடுங்கிச் சுவரில் அடித்துவிட்டார்.

எனக்குக் கைதட்டத் தோன்றியது. ஆனால் சம்பவ அறிக்கை எழுத வேண்டுமே, எழுதினேன். "நோயாளிக்குக் கோபம் வந்தது" என்று எழுதியதற்கு வார்டு மேலாளர் பிரிஜித் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். இங்கே 'கோபம்' என்று எழுதக்கூடாதாம், 'விரக்தி' என்று எழுத வேண்டுமாம். கோபம் என்று எழுதினால் கிழவரை முரடர் என்று நினைத்துவிடுவார்களாம். நான் சொன்னேன், விரக்தி என்றால் விட்டுவிட்டார் என்று அர்த்தம், இவர் விடவில்லையே, அடிக்கிறாரே என்று. என் ஆங்கிலத்தில் அது எப்படிப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. அவள் என் தோளைத் தட்டி, நான் களைத்துப்போயிருக்கிறேன் என்று அவளே சொல்லிவிட்டுப் போனாள். பாருங்கள், எனக்கும் பதில் சொல்ல ஆள் வந்துவிட்டது.

அவளுக்குத் தெரியாது, அதே வாரங்களில் கோவில்பட்டியில் ஒரு கட்டிலில் என் அப்பா இதே கோபத்தோடு கிடந்தார் என்று.

2

அப்பா தங்கராஜ், தனியார் பஸ் கண்டக்டர். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாகப் புதூர் போகிற வண்டி. டிரைவர் சண்முகம் மாமா. இரண்டு பேரும் அந்த வண்டியில் பாதி ஆயுளைக் கழித்தவர்கள். ஆனால் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசிக்கொண்டது டீக்கடையில் மட்டும்தான். வண்டியில் மாமா ரோட்டைப் பார்ப்பார், அப்பா பின்படியில் நிற்பார். நடுவில் கூட்டம், பாட்டுச் சத்தம், கறிவேப்பிலைக் கட்டு, சில நேரம் ஆட்டுக்குட்டியும். பேச்செல்லாம் விசில்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு விசில் என்றால் எடு. விசில் வாயில் இல்லாத நேரம் வண்டியின் தகரத்தைத் தட்டி "ஓல்டேன்" என்பார், வண்டி நிற்கும். "ரைட்" என்பார், நகரும். விசில் வராமல் மாமா வண்டியை எடுக்க மாட்டார். போலீஸ்காரரே உட்கார்ந்து "எடுய்யா" என்றாலும் எடுக்க மாட்டார்.

அந்தப் பிடிவாதம்தான் அப்பாவின் உயிரைக் காப்பாற்றியது. எட்டயபுரம் தாண்டி ஒரு நிறுத்தத்தில் ஆட்கள் ஏறியாகிவிட்டது, விசில் வரவில்லை. "எடுங்க அண்ணாச்சி, வெயில் கொல்லுது" என்று சனங்கள் கத்தியிருக்கிறார்கள். மாமா எடுக்கவில்லை. இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தால், அப்பா பின்படிக்கும் கடைசி சீட்டுக்கும் நடுவில் சரிந்து கிடந்தார். பஸ்ஸில் ஒரு ஆள், "காலையிலேயே போட்டுட்டாரு போல" என்று சொன்னானாம். அந்த ஆள் யாரென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் நல்லது, ஏனென்றால் நான் அவனை இன்னும் மன்னிக்கவில்லை.

பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. உயிருக்கு ஆபத்து நீங்கியதும், பயிற்சி கொடுக்கிற ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வாசல் பலகையில் 'மறுவாழ்வு' என்று எழுதியிருந்தது. போச்சா? எங்கள் பக்கம் மறுவாழ்வு என்றால் குடியை நிறுத்துகிற இடம்தான். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாத மனுஷன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரைப் பார்க்க வந்தவர்களெல்லாம் பாதி ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் வந்தார்கள். ஆளுக்கொரு ஆர்லிக்ஸ் பாட்டிலும் ஆளுக்கொரு சந்தேகமும் கொண்டுவந்தார்கள்.

3

வீடியோ கால் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் மட்டும்தான் என்று அங்கே விதி. எனக்கு அது முற்பகல், வேலைக்கு நடுவே. டீ குடிக்கிற இடைவேளையில் போர்வை, படுக்கை விரிப்பு அடுக்கியிருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அங்கேதான் சிக்னல் வரும். அடுத்தவர்களின் அப்பாக்களுக்கு இரண்டு கையாலும் டேப்பைப் பிடிக்கிறவள், என் அப்பாவைப் பார்க்கத் தலையணை உறைகளுக்கு நடுவில் நிற்பேன்.

போனைப் பிடிப்பது ஞானம் அத்தை, அப்பாவின் தங்கை. அத்தை போனை எடுத்தால் முதலில் அத்தையின் மூக்கு தெரியும். அப்புறம் சீலிங் ஃபேன் தெரியும். அப்பா கடைசியில் தெரிவார், அதுவும் பாதி.

"ஏட்டி ஜெனி, அண்ணன் இன்னைக்கு நல்லா சாப்பிட்டாவ. உன்னக் கேட்டாவ."

"எப்படித்தே கேப்பாவ? பேச்சே இல்லையே."

"கண்ணால கேட்டாவ."

நான் அப்பாவிடம் கேட்பேன், "வலி இருக்காப்பா?" அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணும், நாக்கு புரளும், கழுத்து நரம்பு புடைக்கும். ஒரு சொல் கிளம்பி வருவது எனக்கு அங்கிருந்தே தெரியும். அதற்குள் அத்தை, "வலியெல்லாம் இல்லையாம்" என்பாள். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். "தூக்கம் வருதாம்" என்பாள்.

அத்தை மட்டும் என்றால் சமாளிக்கலாம். வெளிநாட்டுக் கால் வந்திருக்கிறது என்று தெரிந்ததும் பார்க்க வந்த அத்தனை பேரும் கட்டிலைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். ஆளுக்கு ஒரு முறை முகத்தைக் காட்டுவார்கள். "ஜெனி, மெலிஞ்சிட்டியே", "அங்கன குளுருதா?", "எப்ப வருத?" அது முடிந்ததும் அப்பா பக்கம் திரும்பி, "நான் யாரு? சொல்லுங்க பாப்போம்!" என்பார்கள். தெரியாமல்தான் கேட்கிறேன், சீக்காளி என்ன ஒன்றாம் வகுப்புப் பிள்ளையா? எந்தப் பயணி எந்த ஊரில் இறங்குவார், யாருக்கு எந்தப் பிள்ளை என்று மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன். பெயர் அவர் கண்ணுக்குள் நிற்கிறது, வாயில் வரவில்லை. அவர் விழிப்பதைப் பார்த்துவிட்டு, அவர் காது கேட்கவே, "ஆளு அடையாளமே தெரியல, புத்தி பேதலிச்சிட்டு போலுக்கு" என்பார்கள். ஒரு நாள் அப்பா சாத்துக்குடிப் பையைத் தட்டிவிட்டார். அதற்கும் அதே தீர்ப்புதான், பேதலிச்சிட்டு.

இங்கே விரக்தி, அங்கே பேதலிப்பு. பேச முடியாத ஆளுக்குக் கோபம் வந்தால், அது நியாயமான கோபமாக இருக்கும் என்று இரண்டு தேசத்திலும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

4

"இவ்வளவு பேசுகிறவள் நேரில் போக வேண்டியதுதானே" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், எல்லோரும் கேட்டாயிற்று.

என் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. புதுப்பிக்க விண்ணப்பித்திருக்கிறேன். அட்டை இல்லாமல் நாட்டை விட்டுப் போகலாம், திரும்பி உள்ளே வர முடியாது. குடிவரவுத் துறையின் வலைத்தளத்தில் 'பரிசீலனையில்' என்று ஒரு சொல் இருக்கிறது. நான் காலையில் பார்த்தாலும் அதே சொல்தான், மாலையில் பார்த்தாலும் அதே சொல்தான். அப்பாவுக்கு இப்படி என்று எழுதினேன். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று பதில் வந்தது. எனக்கு ஏதடா பொறுமை? யார் சொன்னது உங்களிடம்?

மகள் ரூத்துக்குப் பதின்மூன்று வயது. தமிழ் கேட்டால் புரியும், பேசினால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாத்தாவோடு பேசு என்று போனைக் கொடுத்தால், "தாத்தா... ஹாய்" என்பாள். அப்புறம் தன்பாட்டுக்கு நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவரும் பார்த்துக்கொண்டே இருப்பார். "ஏதாவது பேசித் தொலையேன்" என்று கத்தினேன். "அவருக்கும் வரல, எனக்கும் வரல. எங்களுக்கு அது ஓகேதான். நீதாம்மா நடுவுல பேசிக்கிட்டே இருக்க" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிள்ளை தாய்மொழியை விட்டுப் போகிறாளே என்று நான் வயிறெரிந்துகொண்டிருந்தால், என்னையே வாய் மூடச் சொல்கிறாள். அதற்கும் ஒரு பாட்டம் கத்தினேன்.

5

ஐப்பசி மழை பிடித்ததும் தம்பி எட்வினிடமிருந்து போன் வந்தது. எங்களுக்கு மானாவாரி நிலம். கரிசல் மண் நனைந்து பதம் வந்ததும் விதைத்துவிட வேண்டும், பிந்தினால் அந்த வருஷம் அவ்வளவுதான். அவன் காலையில் விதைப்புக் காட்டில், மாலையில் கோவில்பட்டியில் என்று ஓடிக்கொண்டிருந்தான். மழை பெய்துவிட்டால் எங்கள் ஊர் வண்டிப்பாதையில் சக்கரத்தில் மண் அப்பி வண்டி நகராது. அதெல்லாம் எனக்குத் தெரியாதது இல்லை.

"யக்கா, அப்பாவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருதேன். குச்சி ஊணி நடக்காரு, அது போதும்."

"பேச்சு?"

"வர்றதுன்னா இதுக்குள்ள வந்திருக்கும்லா."

"ஏலே, அந்தப் பேச்சுப் பயிற்சி குடுக்குத பிள்ள என்ன சொல்லுச்சி? இப்பத்தான் வாய் அசையுது, இப்ப விட்டா கஷ்டம்னு சொல்லல?"

"சொல்லிச்சி. ஆனா அப்பாவுக்கே இங்கன பிடிக்கல. வீட்டுக்குப் போணும்ங்காரு."

"யார்ட்ட சொன்னாரு?"

"அத்தைதான் சொன்னா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எழுத முடியாது. போனில் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். அவனும் விடவில்லை. "அங்கன இருந்துக்கிட்டு அதிகாரம் பண்ணாதக்கா. குளிப்பாட்டுதது நான், தூக்கி விடுதது நான். நீ போன்ல மூஞ்சியக் காட்டுத" என்றான். வாஸ்தவம்தான். அவன் தோள் எலும்பு தேய்கிறது என்றும் எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வேலை பார்க்கிற இடத்தில் தினம் பார்க்கிறேன். சொல் திரும்புகிற காலத்தில் வாய் திறக்க விடவில்லை என்றால் அப்புறம் அந்த ஆளே முயற்சியை விட்டுவிடுவார். வீட்டுக்குக் கொண்டுபோனால் அத்தையும் ஊரும் சேர்ந்து ஆயுளுக்கும் அவருக்காகப் பேசிவிடுவார்கள். அப்பா ஆயுளுக்கும் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பார். கடைசியில் ஒன்று கேட்டேன். "வெள்ளிக்கிழம டாக்டர் வந்து முடிவு கேப்பாருல்ல, அன்னைக்கு நான் வீடியோவுல வாரேன். அப்பாட்டயே கேப்போம். அவரு போறேன்னா கூட்டிட்டுப் போ, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

"அவரு எப்படிக்கா சொல்லுவாரு?" என்றான்.



6

வெள்ளிக்கிழமை டீ இடைவேளைக்கு முன்பே துணி அறைக்குள் புகுந்துவிட்டேன். அத்தையின் மூக்கு, ஃபேன், அப்புறம் கூட்டம். வீட்டுக்குக் கூட்டிப் போகப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஜெபம் பண்ண சர்ச் ஆட்களும் வந்திருந்தார்கள். நடுவில் புதிதாக ஒரு முகம், சண்முகம் மாமா. வண்டியை மாற்று டிரைவரிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறார். கையில் என்ன தெரியுமா? கடலை மிட்டாய் பொட்டலம். கஞ்சியையே கரண்டி கரண்டியாகப் பார்த்துப் பார்த்து விழுங்குகிற ஆளுக்குக் கடலை மிட்டாய்!

"மாமா, அதை உள்ள வையுங்க, தொண்டையில அடைச்சா உயிர் போயிரும்!" என்று அலறினேன். "ஐயையோ" என்று சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார்.

பயிற்சி கொடுக்கும் பெண்ணும் கட்டில் ஓரம் நின்றாள். டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்தில் வருவார், உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் போனை அப்பா முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னேன்.

"அப்பா, வீட்டுக்குப் போறீங்களா, இங்கன இன்னும் கொஞ்ச நாள் இருக்கீங்களா?"

"வீட்டுக்குத்தான்டி, வேற எங்கன போவாவ" என்றாள் அத்தை.

"அவியளுக்கு வீட்டு நினைப்புதான்" என்று ஒரு குரல். "கர்த்தர் சுகம் தருவாரு, கூட்டிட்டுப் போங்க" என்று இன்னொரு குரல்.

"எல்லாரும் கொஞ்சம் வாய மூடுங்க!" என்று கத்தினேன். கத்திவிட்டு நான் என்ன செய்தேன்? "இருக்கேன்னு சொல்லுங்கப்பா. தலைய ஆட்டுங்க. இருக்கீங்கதான? இருக்கீங்க!" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அத்தைக்கு மூடுகிற அதே மூடல். ரூத் சொன்னது சுருக்கென்று குத்தியது.

அப்போது மாமா சட்டைப் பையைத் துழாவினார். மிட்டாய் பொட்டலத்துக்கு அடியிலிருந்து ஒரு விசிலை எடுத்தார். "அன்னைக்குப் படியில கெடந்திச்சி, எடுத்து வச்சிருந்தேன்" என்று அப்பாவின் இடது கையில் வைத்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"என்ன மாமா, அங்கிட்டுத் திரும்பிட்டிய?" என்றான் எட்வின்.

"எனக்கு அவன் மூஞ்சியப் பாத்து வண்டி எடுத்துப் பழக்கம் இல்லலே." பிறகு குரலைக் கூட்டி, "தங்கராசு, ஊருக்கு வண்டிய எடுக்கவா?" என்றார்.

கேட்டுவிட்டுச் சும்மா இருந்தார். அத்தை வாயைத் திறந்தாள். மாமா திரும்பாமலே ஒரு கையைத் தூக்கினார், அவள் அடங்கிவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி அறையில் ஃபேன் சத்தத்தை நான் அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன்.

அப்பா விசிலை வாயின் நல்ல பக்கம் கொண்டுபோனார். முதலில் காற்றும் எச்சிலும்தான் வந்தது. துடைக்கப் போன அத்தையின் கையைத் தட்டிவிட்டார். மறுபடி ஊதினார், கன்னம் ஒரு பக்கம் மட்டும் உப்பியது. மூன்றாவது தடவை வந்தது, நடுங்கிக்கொண்டு, ஆனால் விசில்தான். ஒன்று.

எல்லோரும் இரண்டாவதுக்குக் காத்திருந்தோம். இரண்டாவது வந்தால் எடு என்று அர்த்தம். மூச்சு போதாமல் ஒன்றோடு விட்டுவிட்டாரா, இல்லை வண்டியை நிறுத்தச் சொல்கிறாரா? மாமாவின் முதுகு அசையவில்லை. எட்வின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ஒரு தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டேன், சத்தியமாகச் சொல்கிறேன், இல்லையென்றால் மறுபடி பேசியிருப்பேன்.

அப்பா விசிலை வாயிலிருந்து எடுத்தார். இடது கையால் கட்டில் கம்பியை, பஸ் தகரத்தைத் தட்டுகிற மாதிரி, ஓங்கித் தட்டினார்.

"ஓ... ஓல்... ஓல்டேன்!"

பயிற்சிப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நிறுத்தவில்லை. அத்தையைப் பார்த்து, சர்ச் ஆட்களைப் பார்த்து, கையை வீசினார். "எறங்கு" என்றார். தெளிவாக வரவில்லை, ஆனால் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கூட்டம் வாசலைப் பார்த்து நகர்ந்தது. அத்தை போனை எட்வின் கையில் கொடுத்துவிட்டு, "என்னத்தான் எறங்கச் சொல்லுதாவ" என்று அழுதுகொண்டே சிரித்தாள்.

எட்வின் போனைத் தன் பக்கம் திருப்பினான். கண் சிவந்திருந்தது. "இருக்கட்டும்க்கா. டாக்டர்ட்ட சொல்லிருதேன். விதைப்ப நான் எப்படியும் பாத்துக்கிடுதேன்" என்றான். பின்னால் மாமா இன்னும் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு இன்னும் ரைட் கிடைக்கவில்லையே.

போனில் வந்த விசில் சத்தம் இங்கே எங்கள் வார்டு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். பிரிஜித் கதவைத் திறந்தாள். கன்னமெல்லாம் கண்ணீரோடு, கையில் கடித்த தலையணை உறையோடு நின்றேன்.

"ஐயோ, என்ன ஆச்சு? அப்பாவுக்கு ஏதாவதா?"

"அப்பா கோபமா இருக்கார்" என்றேன்.

"பாவம். விரக்தியில் இருக்கிறாரா?"

"இல்லை. கோபம்" என்றேன். "ரொம்ப நல்லாக் கோபமா இருக்கார்."

ஆங்கிலத்தில் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் சொன்னேன்.